நீரிழிவும் முதுமையில் மூளையும்

நம் இல்லங்களில் முதியோர் கூறும் குறைகளுள் இரண்டு அடிக்கடி காதில் விழுவன. ‘சர்க்கரை ஏறிவிட்டது’ என்பது ஒன்று. ‘நினைவு முன்போல் நிற்பதில்லை’ என்பது மற்றொன்று. முதற் குறைக்கு டாக்டரை நாடுகிறோம், மாத்திரை வாங்குகிறோம், உணவைக் குறைக்கிறோம். இரண்டாவது குறையை, ‘வயதானால் அப்படித்தான்’ என்று கூறி ஒதுக்கிவிடுகிறோம். இவ்விரண்டும் ஒன்றோடொன்று தொடர்பில்லாதவை என்றே நம்மில் பலர் எண்ணுகின்றனர். மருத்துவ உலகமும் நெடுங்காலம் இத்தொடர்பைப் பெரிதாகக் கருதவில்லை. நீரிழிவு கண்ணைக் கெடுக்கும், சிறுநீரகத்தைக் கெடுக்கும், காலில் ஆறாத புண்ணை உண்டாக்கும் என்பன பழைய பாடங்கள். அது மூளையின் அமைப்பையே மாற்றக்கூடும் என்பது, உயிருள்ள மனிதரின் மூளையைப் படம் பிடித்துக் காட்டும் எம்.ஆர்.ஐ. கருவி பரவிய பின்னரே தெளிவாக விளங்கியது.

இது முதியோர்க்கு உரிய செய்தியாயிற்றே, மாணவர்களாகிய எங்களுக்கு இதனால் ஆவது என்ன என்று நீங்கள் கேட்கலாம். முதுமையில் ஒருவருடைய மூளை எந்நிலையில் இருக்கும் என்பது முதுமையில் மட்டும் முடிவாவது அன்று. அதற்கு இருபது முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே பெரும்பகுதி முடிவாகத் தொடங்கிவிடுகிறது. இதுவே இப்பேச்சின் நடுப்பொருள். அது எவ்வாறு என்பதை ஒவ்வொன்றாகக் காண்போம்.

முதலில் நோயைப் பற்றிச் சில சொற்கள். நீரிழிவு என்னும் பெயரே நோயின் குறியைச் சொல்லுகிறது; நீர் மிகுதியாக வெளியேறுதல் என்பது அதன் பொருள். மதுமேகம் என்பது இதன் மற்றொரு பெயர். மது என்றால் தேன். நோயாளியின் சிறுநீர் இனிப்பதையும், அதனை எறும்பு நாடி வருவதையும் நம் நாட்டுப் பழைய வைத்தியர்கள் கண்டறிந்திருந்தனர். ஆனால் அவ்வினிப்பு எங்கிருந்து வருகிறது என்பதற்கு முழு விடை கிடைத்தது அண்மைக் காலத்தில்தான். நாம் உண்ணும் அரிசி, கோதுமை, பழம், கிழங்கு ஆகியவற்றில் உள்ள மாவுப் பொருள் வயிற்றில் குளுக்கோஸ் என்னும் சர்க்கரையாக மாறி இரத்தத்தில் கலக்கிறது. அந்தச் சர்க்கரையைத் தசைகளுக்குள்ளும் பிற உயிரணுக்களுக்குள்ளும் புகச் செய்வது, கணையத்தில் சுரக்கும் இன்சுலின். இன்சுலின் குறைந்தாலும், அல்லது அதன் ஆணைக்கு உடல் செவிசாய்க்க மறுத்தாலும், சர்க்கரை இரத்தத்திலேயே தங்கிவிடுகிறது. கனடா நாட்டின் டொரான்டோ நகரில் பான்டிங், பெஸ்ட் என்னும் இருவர் 1921ஆம் ஆண்டில் இன்சுலினைப் பிரித்தெடுத்தனர். 1922 ஜனவரியில் 14 வயதுச் சிறுவன் ஒருவனுக்கு அது முதன்முதலாக ஊசி மூலம் செலுத்தப்பெற்றது. அதுவரை, இன்சுலின் சுரக்காத பிள்ளைகளுக்கு இந்நோய் மரண தண்டனையாகவே இருந்தது.

இங்கே ஒரு தவறான எண்ணத்தை நீக்கிவிடுதல் நலம். கோயம்புத்தூருக்கும் சர்க்கரைக்கும் ஒரு பழைய உறவு உண்டு. 1912ஆம் ஆண்டில் இந்நகரில் நிறுவப்பட்ட கரும்பு இனப்பெருக்க நிலையம் உருவாக்கிய ‘கோ’ வகைக் கரும்புகள் இந்தியா எங்கும் பரவின. ‘கோ’ என்பது கோயம்புத்தூரின் சுருக்கமே. ஆயினும், இனிப்பு உண்பவருக்கு மட்டுமே நீரிழிவு வரும், இனிப்பைத் தொடாதவருக்கு வராது என்பது உண்மையன்று. தேவைக்கு மிஞ்சிய உணவு எதுவாயினும், அதனைச் செலவிடும் உடலுழைப்பு இல்லாதபோது, வயிற்றைச் சுற்றிக் கொழுப்பாகச் சேர்ந்து இன்சுலினின் வேலையைக் கெடுக்கிறது. பரம்பரையும் இதற்குத் துணை செய்கிறது. பெரும்பாலோர்க்கு நடுவயதில் வரும் இவ்வகையே இரண்டாம் வகை நீரிழிவு எனப்படுவது. நம் நாட்டு நோயாளிகளில் மிகப் பெரும்பாலோர் இவ்வகையினரே. இன்றைய பேச்சும் இதனைப் பற்றியதே.

தமிழகம் இந்நோயைப் பற்றிய ஆராய்ச்சியில் முன்னோடியாக விளங்கும் நாடு. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948ஆம் ஆண்டிலேயே நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு ஒன்றைத் தொடங்கியவர் டாக்டர் எம். விசுவநாதன். 1954இல் இராயபுரத்தில் இந்நோய்க்கென்றே ஒரு மருத்துவமனையையும் அவர் நிறுவினார். அவருடைய வழியில் வந்தவர்கள் எடுத்த கணக்குகள் நமக்கு நோயின் வளர்ச்சியைக் காட்டுகின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நடந்து 2023இல் வெளியான நாடு தழுவிய ஆய்வின்படி, இந்தியாவில் நீரிழிவு உடையோர் ஏறக்குறைய 10 கோடி. நோயின் வாயிலில் நிற்போர் 13 கோடிக்கும் மேற்பட்டோர். தமிழ்நாட்டில் 20 வயதுக்கு மேற்பட்டவர்களில் நூற்றுக்கு 14 பேருக்கு, அதாவது ஏழு பேரில் ஒருவருக்கு, நீரிழிவு உள்ளது.

இது பட்டணத்துச் செல்வர்களின் நோய், மண்ணில் பாடுபடும் உழவரை அண்டாது என்பது பழைய நம்பிக்கை. அந்நம்பிக்கையைச் சோதித்துப் பார்த்த இடம் நம் கொங்கு நாட்டிலேயே இருக்கிறது. கோவை மெடிக்கல் சென்டர் மருத்துவமனையைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர்கள், ஈரோடு மாவட்டத்தில் நல்லாம்பட்டி என்னும் விவசாயக் கிராமத்து மக்களை 2015ஆம் ஆண்டில் சோதித்தனர். நீரிழிவும், அதன் முன்னிலையும், இரத்தக் கொதிப்பும் அங்கே எதிர்பார்த்ததைவிட மிகுதியாக இருந்தன. கிராமங்களில் உள்ள ஆபத்தை நாம் குறைத்து மதிப்பிட்டு வருகிறோமோ என்னும் கேள்வியை அவர்கள் எழுப்பினர்.

இம்மாறுதலுக்குக் காரணங்களைத் தேடித் தொலைவு செல்ல வேண்டுவதில்லை. ஒரு காலத்தில் இம்மேட்டு நிலத்து மக்களின் அன்றாட உணவு கம்பும் சோளமும் கேழ்வரகும். அரிசிச் சோறு விருந்துக்கும் பண்டிகைக்கும் உரியதாக இருந்தது. பாசனம் பெருகியது, கடைகளில் அரிசி எளிதாகக் கிடைத்தது, தவிடு நீக்கித் தீட்டிய வெள்ளை அரிசி மூன்று வேளைக்கும் உணவாயிற்று. மறுபுறம், கவலை பூட்டி இறைத்த கிணற்றில் மோட்டார் வந்தது. ஏர் பூட்டிய வயலில் டிராக்டர் வந்தது. நடந்து சென்ற வழியில் மோட்டார் சைக்கிள் வந்தது. திருப்பூரில் தையல் இயந்திரத்தின் முன் பகலெல்லாம் அமர்ந்திருப்பவரும், நூற்பாலையில் இரவு முறையில் வேலை செய்து உறக்கம் கெடுபவரும் பலர். இவற்றில் எதுவும் குற்றமன்று. உழைப்பின் சுமை குறைந்தது நன்மையே. ஆனால் செலவு குறைந்தபின் வரவு குறையவில்லை. அந்த மிச்சம் உடலில் தங்கிவிட்டது.

இனி மூளைக்கு வருவோம். வளர்ந்த மனிதரின் மூளை ஏறக்குறைய 1,300 முதல் 1,400 கிராம் எடையுள்ளது. உடலின் எடையில் இது நூற்றில் இரண்டு பங்கே. ஆனால் உடல் ஓய்வாக இருக்கும்போது செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கு இதற்கே செல்கிறது. அதற்குரிய முதன்மையான உணவு குளுக்கோஸ். மூளையில் சுமார் 8,600 கோடி நரம்பணுக்கள் உள்ளன. அணுக்களின் உடற்பகுதிகள் நெருங்கியுள்ள இடம் சாம்பல் நிறமாகவும், அவற்றை இணைக்கும் நீண்ட இழைகள் செல்லும் இடம் வெண்மையாகவும் தோன்றும். சாம்பல் நிறப் பகுதியை ஊர்கள் என்று கொண்டால், வெண்ணிறப் பகுதியை அவ்வூர்களை இணைக்கும் சாலைகள் எனலாம். காதுகளுக்கு உட்புறமாக, பக்கத்துக்கு ஒன்றாக, கடற்குதிரை போல் வளைந்த சிறிய உறுப்பு ஒன்றுண்டு. அதற்கு ஹிப்போகாம்பஸ் என்று பெயர். புதிய செய்திகளை நினைவில் பதிய வைப்பதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. நீங்கள் இன்று படிக்கும் பாடம் நாளை நினைவுக்கு வர வேண்டுமானால் இவ்வுறுப்பு செம்மையாக இருத்தல் வேண்டும்.

இத்தனைக்கும் உணவு கொண்டு செல்பவை இரத்தக் குழாய்கள். மூளையில் உள்ள நுண்ணிய குழாய்களை எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வைத்தால் அவற்றின் நீளம் ஏறக்குறைய 600 கிலோமீட்டர் இருக்கும் என்று கணக்கிட்டிருக்கின்றனர். கோவையிலிருந்து சென்னைக்கு உள்ள தூரத்தைவிட இது அதிகம். இக்குழாய்களின் அமைப்பைக் கீழ்பவானி வாய்க்காலைக் கண்டவர்கள் எளிதில் விளங்கிக்கொள்வர். பவானிசாகர் அணையிலிருந்து புறப்படும் பெருவாய்க்கால் கிளை வாய்க்கால்களாகவும், அவை மேலும் சிறு கால்வாய்களாகவும் பிரிந்து வயலை அடைகின்றன. வழியில் எங்கேனும் கரை சரிந்தாலும், வண்டல் படிந்தாலும், முதலில் காய்வது கடைமடைப் பயிரே. மூளையின் ஆழத்தில் உள்ள வெண்ணிறப் பகுதி அத்தகைய கடைமடை. நீண்டு மெலிந்த சிறு குழாய்களே அதற்கு இரத்தத்தைக் கொண்டு சேர்க்கின்றன. அவை பழுதுபட்டால் அதற்கு மாற்று வழி மிகவும் குறைவு.

வயது ஏறஏற எல்லோருடைய மூளையும் சிறிது சுருங்குகிறது. தோலில் திரை விழுவதுபோல இதுவும் இயற்கையே. ஆகவே நாம் கேட்க வேண்டிய கேள்வி, மூளை சுருங்குகிறதா என்பதன்று. நீரிழிவு உடையவரிடம் அது விரைவாகச் சுருங்குகிறதா என்பதே. ஒத்த வயதினரை, நோயுடையோர் நோயில்லாதோர் என இரு கூறாக்கி, எம்.ஆர்.ஐ. படங்களை ஒப்பிட்டுப் பார்த்த ஆய்வுகள் பல நாடுகளில் நடந்துள்ளன. அவை பெரும்பாலும் மூன்று மாறுதல்களைக் காட்டுகின்றன.

முதலாவது, மூளையின் மொத்த அளவு குறைதல். இக்குறைவு, வயது இரண்டு முதல் ஐந்து ஆண்டு கூடியதற்கு ஒப்பானது என்று மதிப்பிட்டுள்ளனர். அதாவது, 65 வயதுடைய நீரிழிவு நோயாளியின் மூளை சராசரியாக 67 முதல் 70 வயதுடையவரின் மூளையைப் போன்று காணப்படும். நினைவுக்குரிய ஹிப்போகாம்பஸும் இச்சுருக்கத்துக்கு உட்படுவதை நெதர்லாந்து நாட்டின் ராட்டர்டாம் நகரில் நடந்த ஆய்வு உள்ளிட்ட பலவும் காட்டியுள்ளன. இரண்டாவது, மூளையின் ஆழத்தில் கடுகளவும் பட்டாணியளவுமாகச் சிறுசிறு பகுதிகள் இரத்தமின்றி மடிந்துபோதல். இவை கை கால் விழச் செய்யும் பெரிய பக்கவாதம் போன்றவை அல்ல. பெரும்பாலும் நோயாளிக்கே தெரியாமல் நிகழ்பவை. மூன்றாவது, வெண்ணிறப் பகுதியின் இழைகள் தேய்வுறுதல். ஊர்கள் இருந்தும் சாலை பழுதானால் போக்குவரத்து மந்தமாவது போல, அறிவு இருந்தும் சிந்தனையின் வேகம் குறைகிறது. நீரிழிவு உடைய முதியோர் சிலர் கணக்குப் போடவும், இரண்டு வேலைகளை ஒருங்கே கவனிக்கவும் தயங்குவதற்கு இஃது ஒரு காரணம்.

இவை யாவும் சராசரிக் கணக்குகள் என்பதை மறத்தலாகாது. நீரிழிவு உடையோர் அனைவரும் நினைவிழப்பர் என்று யாரும் சொல்லவில்லை. எண்பது வயதிலும் தெளிந்த அறிவுடன் விளங்கும் நீரிழிவு நோயாளிகள் பலர் உளர். கூறப்படுவது ஆபத்து மிகுதி என்பதே.

சர்க்கரை இக்கேட்டினை எவ்வாறு விளைக்கிறது? வழிகள் பல. இரத்தத்தில் மிஞ்சிய சர்க்கரை, உடலின் புரதங்களோடு ஒட்டிக்கொண்டு அவற்றை விறைப்படையச் செய்கிறது. மெல்லிய குழாய்களின் உட்சுவர் தடித்துச் சிதைகிறது. கண்ணின் விழித்திரையிலும் சிறுநீரகத்திலும் நடப்பது இதுவே. மூளையின் சிறு குழாய்களிலும் இதுவே நடக்கிறது. இரத்தத்தில் உள்ள வேண்டாத பொருள்கள் மூளைக்குள் புகாமல் காக்கும் தடுப்புச் சுவரும் கசியத் தொடங்குகிறது. நீரிழிவோடு கைகோத்து வரும் இரத்தக் கொதிப்பும் கொழுப்பும் இக்கேட்டினை மிகுவிக்கின்றன. இன்சுலினுக்கு மூளையிலும் வேலை உண்டு. நரம்பணுக்களின் இணைப்புகளைப் பேணுவதில் அது பங்கு கொள்கிறது. உடல் இன்சுலினுக்குச் செவிசாய்க்காதபோது மூளையும் அவ்வாறே ஆகக்கூடும். மேலும், அல்ஸைமர் நோயில் மூளையில் படியும் அமிலாய்டு என்னும் பொருளையும் இன்சுலினையும் சிதைத்து அகற்றும் நொதி ஒன்றே. இன்சுலின் மிகும்போது அந்நொதி அமிலாய்டைக் கவனிக்க இயலாமற் போகலாம் என்னும் கருத்தும் உண்டு. ஆனால் இறந்தோரின் மூளையை ஆராய்ந்தவர்கள், நீரிழிவு உடையவரிடம் தெளிவாக மிகுந்து காணப்படுவது குழாய்களின் சேதமே என்றும், அமிலாய்டுப் படிவு அவ்வாறு மிகுந்து காணப்படவில்லை என்றும் கூறுகின்றனர். எனவே குழாய்களைக் காப்பதே முதற்கடமையாகிறது.

படத்தில் தெரியும் மாறுதல் வாழ்க்கையிலும் தெரிகிறதா? தெரிகிறது. மேலே கூறிய ராட்டர்டாம் ஆய்வில், 55 வயதுக்கு மேற்பட்ட 6,000 பேருக்கு மேல் கவனிக்கப்பட்டனர். நீரிழிவு உடையவர்களுக்கு மறதிநோய் வரும் ஆபத்து ஏறக்குறைய இரு மடங்காக இருந்தது என்று 1999இல் அறிவித்தனர். ஜப்பானில் ஹிசயாமா என்னும் சிற்றூரில் 60 வயதைக் கடந்த 1,017 பேரை 15 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்ததில், அவ்வாபத்து 1.7 மடங்கு என்று 2011இல் வெளியிட்டனர். வேறு நாடு, வேறு உணவு, வேறு பழக்கம். முடிவோ ஏறக்குறைய ஒன்றே.

இவற்றினும் நமக்குப் பயன் மிகுந்தது 2021இல் வெளியான ஓர் ஆங்கில நாட்டு ஆய்வு. லண்டன் நகர அரசாங்க அலுவலர்கள் 10,000 பேரை முப்பது ஆண்டுகளுக்கு மேல் தொடர்ந்து கவனித்த ஆய்வு அது. அதில் எழுப்பிய கேள்வி, நீரிழிவு இருக்கிறதா என்பதோடு நிற்கவில்லை. எந்த வயதில் வந்தது என்றும் கேட்டனர். 70 வயதில் நின்று பார்க்கும்போது, நீரிழிவு வந்து பத்து ஆண்டுகளுக்கு மேலானவர்களுக்கு மறதிநோயின் ஆபத்து இரு மடங்குக்கு மேல் இருந்தது. ஐந்து ஆண்டுகளுக்குள் வந்தவர்களுக்கோ, நோயில்லாதவரைவிடத் தெளிவான கூடுதல் ஆபத்து காணப்படவில்லை. நோய் ஐந்து ஆண்டு முந்தி வந்தால் ஆபத்து சுமார் நான்கில் ஒரு பங்கு கூடுகிறது. மூளையைத் தேய்ப்பது சர்க்கரையின் அளவு மட்டுமன்று. அது தேய்க்கும் ஆண்டுகளின் எண்ணிக்கையுமாகும் என்பது இதனால் பெறப்படும் பாடம்.

இப்பாடம் நமக்கு ஏன் கவலை தருகிறது? மேலைநாட்டாரைவிட நம்மவர்க்கு நீரிழிவு இளமையிலேயே வருகிறது. பார்வைக்கு மெலிந்தவராக இருந்தும் வயிற்றினுள் கொழுப்புச் சேர்ந்திருப்பது நம்மவரின் உடலமைப்பு. முப்பத்தைந்து வயதில் நோய் வந்த ஒருவர் எழுபது வயதை எட்டும்போது, அவருடைய மூளை முப்பத்தைந்து ஆண்டுகள் சர்க்கரை மிகுந்த இரத்தத்தில் ஊறியிருக்கும். இக்கணக்கோடு மற்றொரு கணக்கையும் சேர்த்துப் பாருங்கள். இந்தியாவில் 60 வயதுக்கு மேற்பட்டோரில் நூற்றுக்கு 7 பேருக்குச் சற்று மேல், மொத்தம் 88 லட்சம் பேர், மறதிநோய் உடையவர்கள் என்று 2023இல் வெளியான ஆய்வு மதிப்பிடுகிறது. நம் ஆயுள் நீண்டு வருகிறது. நீரிழிவு இளமையை நோக்கி இறங்கி வருகிறது. இவ்விரண்டும் சந்திக்கும் இடத்தில், இன்று வகுப்பறையில் அமர்ந்திருக்கும் தலைமுறை நிற்கப்போகிறது.

நோய் வந்தபின் சர்க்கரையைக் கடுமையாகக் குறைத்தால் மூளையைக் காக்கலாகாதா? இக்கேள்விக்கு விடை காண அமெரிக்காவிலும் கனடாவிலும் ‘அக்கார்டு’ என்னும் பெரிய சோதனை நடைபெற்றது. ஒரு சாராருக்குச் சர்க்கரையை வழக்கம்போலக் கட்டுப்படுத்தினர். மற்றொரு சாராருக்கு மிகக் கடுமையாகக் கட்டுப்படுத்தினர். 40 மாதங்களுக்குப்பின் பார்த்தபோது, கடுமையாகக் கட்டுப்படுத்தியவர்களின் மூளை சற்றுக் குறைவாகவே சுருங்கியிருந்தது. ஆயினும் நினைவிலும் சிந்தனையிலும் வேறுபாடு இல்லை; அதற்கு மேலாக, அச்சாராரிடம் மரணம் மிகுந்ததால் கடுஞ்சிகிச்சையை 2008இல் நிறுத்திவிட்டனர். அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்னும் பழமொழி இங்கே மெய்யாயிற்று.

சர்க்கரை மிகுவது போலவே, மிகக் குறைவதும் மூளைக்குத் தீங்கு. குளுக்கோஸையே நம்பி வாழும் உறுப்பு அது என்பதை முன்னரே கண்டோம். மருத்துவமனையில் சேர்க்கும் அளவுக்குச் சர்க்கரை தாழ்ந்துபோன முதியோருக்குப் பின்னாளில் மறதிநோய் மிகுதியாக வந்தது என்று கலிபோர்னியாவில் நடந்து 2009இல் வெளியான ஆய்வு காட்டியது. எனவே முதியோருக்கு எவ்வளவு சர்க்கரை இருக்கலாம் என்பதை அவருடைய வயதையும் உடல் நிலையையும் நோக்கி டாக்டரே முடிவு செய்தல் வேண்டும். மாத்திரையைத் தாமாகக் கூட்டுவதும், மருந்து உண்டபின் உணவைத் தவிர்ப்பதும் ஆபத்து. மருந்து உண்ணும் முதியவர் திடீரென வியர்த்து, நடுங்கி, பொருத்தமின்றிப் பேசினால், நினைவோடு இருக்கும்போதே சர்க்கரை கலந்த நீரோ குளுக்கோஸோ அருந்தக் கொடுக்க வேண்டும். நினைவிழந்துவிட்டால் வாயில் எதனையும் ஊற்றாமல் உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும். இதனை வீட்டில் உள்ள ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் நலம்.

வந்தபின் முழுதும் திருத்த இயலாத கேட்டினை வருமுன் தடுக்கலாகுமா? ஆகும் என்பதற்குச் சான்று நம் சென்னையிலேயே உண்டு. டாக்டர் ஏ. இராமச்சந்திரனும் அவருடைய குழுவினரும், நீரிழிவின் வாயிலில் நின்ற 531 பேரைத் தேர்ந்து மூன்று ஆண்டுகள் கவனித்தனர். பொதுவான அறிவுரை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேர் நோய்க்கு ஆளாயினர். நாள்தோறும் விரைந்து நடக்கவும், உணவைத் திருத்திக்கொள்ளவும் தொடர்ந்து ஊக்கம் பெற்றவர்களில் அவ்வெண்ணிக்கை 39 ஆகக் குறைந்தது. மாத்திரை மட்டும் உண்டவர்களிடம் கண்ட பயனும் ஏறக்குறைய இதே அளவுதான். 2006இல் வெளியான இம்முடிவு, விலையில்லா நடை விலையுள்ள மருந்துக்கு நிகராக நிற்கும் என்பதை நிலைநாட்டியது. நோய் சில ஆண்டுகள் பிந்தி வந்தாலே மூளைக்கு எத்துணை நன்மை என்பதை, மேலே கூறிய லண்டன் ஆய்வோடு இணைத்து நீங்களே உணரலாம்.

நடையின் நன்மை இரத்தத்தோடு நின்றுவிடுவதில்லை. அமெரிக்காவில் 120 முதியோரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை ஓராண்டு முறையாக நடக்கச் செய்தனர். அவர்களுடைய ஹிப்போகாம்பஸ் நூற்றுக்கு இரண்டு பங்கு வளர்ந்திருந்தது. தசையை நீட்டி மடக்கும் எளிய பயிற்சி மட்டும் செய்த மற்றப் பிரிவினரிடம் அது சுருங்கியிருந்தது. 2011இல் வெளியான இம்முடிவு, முதுமையிலும் மூளை முற்றும் கைவிடப்பட்ட நிலம் அன்று என்பதைக் காட்டுகிறது.

மாணவ நண்பர்களே! இவற்றிலிருந்து நீங்கள் மேற்கொள்ளத் தக்கவை யாவை? தட்டில் சோறு குறைந்து, காயும் கீரையும் பருப்பும் மிகட்டும். கொள்ளும் கம்பும் கேழ்வரகும் நம் மண்ணின் உணவுகள். வாரத்தில் சில நாளேனும் அவை இலையில் இடம் பெறட்டும். அவற்றையும் அளவோடே உண்ண வேண்டும். களியிலும் மாவுப் பொருள் உண்டு. இனிப்புப் பானங்களைத் தாகத்துக்கு அருந்தும் பழக்கம் வேண்டா. நாள்தோறும் விளையாட்டோ, நடையோ, சைக்கிளோ உடலை அசைக்கட்டும். இரவு உறக்கத்தைப் படிப்பின் பேராலும் கைப்பேசியின் பேராலும் திருடாதீர்கள். புகையிலையை அணுகாதீர்கள், மூளையின் சிறு குழாய்களுக்கு அது நேர்ப்பகை. பெற்றோருக்கு நீரிழிவு இருப்பின், வளர்ந்தபின் ஆண்டுக்கு ஒரு முறை சோதித்துக்கொள்ளுங்கள். வெறும் வயிற்றில் இரத்தச் சர்க்கரை 100 மில்லிகிராமுக்குள் இருப்பது இயல்பு. 126ஐ எட்டினால் நீரிழிவு எனக் கருதி மறுமுறை சோதித்து உறுதி செய்வர். இடையில் இருப்பது எச்சரிக்கை. அந்த எச்சரிக்கைக் காலமே திரும்பி வரக்கூடிய காலம்.

கல்வியும் ஒரு மருந்து என்பதை இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். மறதிநோயைப் பற்றி ஆராய்ந்த லான்செட் குழுவினர் 2024இல், தவிர்க்கத் தக்க காரணங்கள் பதினான்கைக் குறிப்பிட்டனர். நீரிழிவும், இரத்தக் கொதிப்பும், புகையும், உடலசைவின்மையும், காது கேளாமையும், இளமையில் கல்வியின்மையும் அவற்றுள் அடங்கும். இப்பதினான்கையும் நீக்கினால் மறதிநோயில் ஏறக்குறைய பாதியைத் தவிர்க்கவோ தள்ளிப்போடவோ கூடும் என்பது அவர்கள் கணிப்பு. படிப்பும் சிந்தனையும் மூளைக்குச் சேமிப்பைத் தருகின்றன. பிற்காலத்தில் தேய்வு வந்தாலும் அச்சேமிப்பைக் கொண்டு அது நெடுநாள் சமாளிக்கிறது.

இறுதியாக, உங்கள் இல்லத்து முதியோரைப் பற்றி ஒரு சொல். அப்பாருவோ அம்மிச்சியோ சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னால், மருந்து உண்டதை மறந்து மறுமுறை உண்ண முயன்றால், பழகிய வழியில் தடுமாறினால், எள்ளி நகையாடாதீர்கள், சினந்து பேசாதீர்கள். வயதின் மேல் பழி போட்டு வாளாவிருக்கவும் வேண்டா. நினைவின் குறையையும் சர்க்கரையின் கணக்கையும் ஒரே டாக்டரிடம் ஒருங்கே சொல்லுங்கள். வீடு தேடி வந்து சர்க்கரையும் இரத்தக் கொதிப்பும் சோதித்து மாத்திரை வழங்க, 2021 ஆகஸ்டில் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ என்னும் அரசாங்கத் திட்டம் தொடங்கப்பெற்றது. அவ்வாறு வருவோரிடமும் தயங்காமல் கேளுங்கள். மருந்துகளை நாள் வாரியாகப் பிரித்து வைத்தல், மாலையில் அவரோடு சிறிது தூரம் நடத்தல் ஆகியவை ஒரு மாணவனோ மாணவியோ எளிதில் செய்யக்கூடிய தொண்டு. அந்நடை அவருக்கும் மருந்து, உங்களுக்கும் மருந்து.

ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையாது என்பர். மூளையைப் பொறுத்தவரை, இருபதில் பேணத் தொடங்கியது எழுபதில் துணை நிற்கும். வாய்க்காலைத் தூர் வாரும் காலம் தண்ணீர் நின்றபின் வருவதன்று. தண்ணீர் ஓடிக்கொண்டிருக்கும்போதே கரையைக் காக்கும் உழவனே கடைமடைப் பயிரையும் காப்பாற்றுகிறான்.